செம்பாறையும் ஜீப்பும்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலே, கொலராடோ நதி செம்பாறைகளை அறுத்துக்கொண்டு செல்லும் வறண்ட பிரதேசத்தில், விவிலியம் கூறும் ஒரு பண்டைய தேசத்தின் பெயரைத் தாங்கி மோவாப் என்னும் சிற்றூர் ஒன்று இருக்கிறது. அவ்வூருக்கு மேற்கே விரியும் மேட்டுநிலத்தின் விளிம்பிலிருந்து, ஷேஃபர் பாதை என்று பெயர் பெற்ற மண்பாதை ஒன்று, சுவர்போல் நிற்கும் பாறையிலே வளைந்து வளைந்து ஏறத்தாழ 1,500 அடி ஆழத்துக்கு இறங்குகிறது. பெட்ரோலாலும் மின்சாரத்தாலும் ஓடக்கூடிய என்னுடைய ஜீப் ரேங்ளர் ஃபோர்-பை-ஈ வண்டியை, நான் வசிக்கும் டென்வர் நகரத்திலிருந்து 570 கிலோமீட்டர் ஓட்டிவந்து, சென்ற வசந்தகாலத்தில் ஒரு விடியற்காலையிலே அந்தப் பாதையின் தலைப்பில் நிறுத்தினேன். வண்டி எப்படி இருக்கிறது என்று கேட்ட நண்பர்களுக்கெல்லாம் இரண்டு வாக்கியங்களில் விடை சொல்லிவிடலாம் என்றுதான் அதுவரை எண்ணியிருந்தேன். ஆனால் அன்றைய பிரயாணத்தில் நான் அறிந்துகொண்டதிலே ஒரு பாதி வண்டியைப் பற்றியதாகவும் மறுபாதி அந்தப் பாதையை வகுத்தவர்களைப் பற்றியதாகவும் அமைந்துவிட்டபடியால், ஒன்றை விட்டு மற்றொன்றைச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை.

இத்தகைய வாகனங்களை 'ஆஃப்-ரோடு' வண்டிகள் என்று அழைக்கிறார்கள். அவற்றுக்கான விளம்பரப் படங்களிலே மனிதச் சுவடே படாத மணல்வெளியும், யாரும் ஏறியிராத பாறைமுகடும், அவற்றின் நடுவே தன்னந்தனியாக நிற்கும் வண்டியும் தவறாமல் காணப்படும். பாதையில்லாத இடத்துக்குப் போகும் சுதந்திரத்தையே விலைக்கு விற்கிறார்கள் என்று தோன்றும். நானும் அந்த ஆசையால் வாங்கியவன்தான். ஆயினும் மோவாபைச் சுற்றி நான் ஓட்டிச் சென்ற ஒவ்வொரு கஜ தூரமும், எவரோ ஒருவர் ஏதோ ஒரு காரியத்துக்காக எனக்கு முன்பே சிரமப்பட்டுத் திறந்துவைத்த வழியாகவே இருந்தது. அந்தக் காரியங்களின் வரலாறு ஜீப் என்னும் வண்டியின் வரலாற்றோடு பின்னிக் கிடக்கிறது. ஆதலால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

1940ஆம் ஆண்டு ஜூலை மாதத்திலே, பிரான்ஸ் தேசம் ஜெர்மானியரிடம் வீழ்ந்த செய்தியின் அதிர்ச்சி அடங்காத வேளையில், அமெரிக்க இராணுவம் 135 கம்பெனிகளுக்கு ஓர் அழைப்பு விடுத்தது. நான்கு சக்கரங்களும் எஞ்சினால் உந்தப்படும் சிறிய வண்டி ஒன்று வேண்டும், அதன் எடை 1,300 இராத்தலைத் தாண்டலாகாது, முதல் மாதிரி வண்டியை 49 நாட்களில் ஒப்படைக்க வேண்டும் என்பவை நிபந்தனைகள். பெரிய கம்பெனிகள் தயங்கி நிற்க, பென்சில்வேனியாவின் பட்லர் நகரிலே நஷ்டத்தில் மூழ்கித் தத்தளித்துக்கொண்டிருந்த பாண்டம் என்னும் சிறு கம்பெனி கார்ல் ப்ராப்ஸ்ட் என்ற வடிவமைப்பாளரை வரவழைத்தது. அவர் இரண்டே நாட்களில் வரைபடங்களைத் தீட்டி முடித்தார். செப்டம்பர் 23ஆம் தேதி, கெடு முடியும் அன்றே, மாதிரி வண்டி மேரிலாந்தில் இருந்த ஹோலபர்ட் பாசறைக்குள் தன் சக்கரங்களாலேயே ஓடிவந்து சேர்ந்தது. எடை மட்டும் நிபந்தனைக்குள் அடங்கவில்லை. பின்னால் வந்த எவருடைய வண்டியும் அதற்குள் அடங்கவில்லை. இறுதியில் போர்க்களத்துக்குப் போன ஜீப் ஏறத்தாழ 1,100 கிலோ, அதாவது முதலில் கேட்டதைப்போல் கிட்டத்தட்ட இருமடங்கு, எடையுள்ளதாக இருந்தது.

பாண்டம் கம்பெனியால் வேண்டிய எண்ணிக்கையைச் செய்து தர இயலாது என்று கருதிய இராணுவம், அதன் வரைபடங்களை வில்லிஸ் கம்பெனிக்கும் ஃபோர்டு கம்பெனிக்கும் கொடுத்தது. ஓஹையோவின் டொலீடோ நகரத்து வில்லிஸ் கம்பெனியிடம் 60 குதிரைத்திறன் கொண்ட உறுதியான எஞ்சின் ஒன்று இருந்தமையால், அதன் வடிவமே முடிவாயிற்று. யுத்தம் முடிவதற்குள் அவ்விரு கம்பெனிகளும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து தள்ள, முதல் வண்டியை ஈன்ற பாண்டம் மூவாயிரத்துக்கும் குறைவான வண்டிகளோடு நின்று, பின்னர் அந்த ஜீப்புகள் இழுத்துச் செல்லும் இழுவைவண்டிகளைச் செய்துகொடுக்கும் நிலைக்கு வந்தது. வழி திறந்தவன் ஒருவன், அதில் நடந்து பயன் கொண்டவர் வேறு பலர் என்பதற்கு இந்தக் கதையிலே கிடைக்கும் முதல் உதாரணம் இது.

அந்தச் சிறு வண்டியின் சாமர்த்தியம் முழுவதும் அதன் நிதானத்திலே அடங்கியிருந்தது. எஞ்சினின் சுழற்சியை முன்சக்கரங்களுக்கும் பின்சக்கரங்களுக்கும் பங்கிட்டு அனுப்புவதற்கென்று சாதாரண கியர்ப் பெட்டிக்குப் பின்னால் இரண்டாவதாக ஒரு பெட்டி இருந்தது; அதில் 'லோ' என்னும் நிலைக்குத் தள்ளினால், எஞ்சின் பலமுறை சுற்றச் சக்கரம் ஒருமுறை சுற்றும்; வேகம் குறையக் குறையத் திருகும் பலம் பெருகும். சேற்றிலும் பாறையிலும் விரைந்தோடும் வண்டி கவிழும், மெல்ல ஊர்ந்து செல்வதே கரையேறும் என்ற உண்மையை யந்திரத்தில் அமைத்துக் காட்டியதே அதன் பெருமை. அந்தப் பெருமை உலகெங்கும் பரவிற்று. 1947இல் பிரிட்டனின் ரோவர் கம்பெனியைச் சேர்ந்த மாரிஸ் வில்க்ஸ், ஆங்கல்சி தீவின் கடற்கரை மணலிலே கோடு கிழித்துக் காட்டியதிலிருந்து பிறந்த லேண்ட் ரோவர், எஃகுக்குப் பங்கீடு இருந்த காரணத்தால் அலுமினிய உடலோடு 1948இல் வெளிவந்தது. 1951இல் ஜப்பானின் டொயோட்டா கம்பெனி செய்த ஜீப் ஃபூஜி மலையின் ஆறாம் நிலைவரை ஏறிக் காட்டி, பின்னர் லேண்ட் குரூஸர் என்று பெயர் மாறியது. நம் தேசத்தில் மகிந்திரா கம்பெனியார் 1940களின் இறுதியில் பம்பாயிலே வில்லிஸ் ஜீப்பைப் பூட்டி விற்கத் தொடங்கியதையும், நம் ஊர்களிலே நான்கு சக்கரமும் திறந்த முதுகும் கொண்ட எந்த வண்டியும் ஜீப் என்றே இன்றளவும் அழைக்கப்படுவதையும் வாசகர்கள் அறிவார்கள்.

அமெரிக்காவிலோ, யுத்தத்தில் உழைத்த ஜீப்புகளும் அவற்றின் அச்சில் வார்க்கப்பட்ட புதிய ஜீப்புகளும் விவசாயிகளுக்கும் வேட்டைக்காரர்களுக்கும் விற்கப்பட்டன; அவற்றுள் சில மோவாபுக்கு வந்தன. அவை வந்த காலமும் ஒரு விசேஷமான காலம். அணுகுண்டின் சக்தியைக் கண்டுவிட்ட அரசாங்கம், 1948 முதல் அணுசக்தி ஆணைக்குழுவின் வாயிலாக, உள்நாட்டில் யுரேனியம் தோண்டித் தருவோருக்கு உறுதியான விலையும் ஊக்கத்தொகையும் அறிவித்திருந்தது. கொலராடோ பீடபூமியின் மஞ்சள் பூத்த பாறைகளிலே அத்தாது இருப்பது முன்பே தெரிந்திருந்த சங்கதியாதலால், ஒரு பழைய ஜீப்பும், கதிரியக்கத்தைக் கண்டறியும் கைகர் கருவியும், சில நாட்களுக்கான உணவுடப்பாக்களும் கொண்ட எவனும் தன்னை ஒரு சுரங்கக்காரனாகக் கருதிக்கொண்டு பாலைவனத்துக்குள் புகுந்தான்.

இவர்களிலே சார்லி ஸ்டீன் என்பவருடைய கதை மோவாபில் இன்றும் சொல்லப்படுகிறது. டெக்சஸிலிருந்து வந்த பூகர்ப்ப நிபுணர் அவர். மனைவியும் நான்கு மகன்களும் ஸிஸ்கோ என்ற ஊரிலே தார்த்தாள் வேய்ந்த குடிசையில் வறுமையோடு போராட, அவரோ கைகர் கருவி வாங்கவும் பணமின்றி, தாது மேற்பரப்பில் தெரியாவிட்டாலும் ஆழத்தில் இருக்கத்தான் வேண்டும் என்ற தம் சாஸ்திர ஞானத்தை மட்டும் நம்பி, மற்றவர்கள் பரிகசித்து ஒதுக்கிய லிஸ்பன் பள்ளத்தாக்கிலே துளையிட்டுக்கொண்டிருந்தார். 1952 ஜூலையில் 197 அடி ஆழத்தில் துளைக்கருவி முறிந்தது. மனமுடைந்து, கருத்த நிறமுடைய ஒரு பாறைத்துண்டை ஜீப்பில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தவர், ஸிஸ்கோவின் பெட்ரோல் கடையிலே ஒருவர் வைத்திருந்த கைகர் கருவியின் முன் அதைக் காட்ட, முள் கடைசி எல்லைவரை பாய்ந்தது. 'மி விடா', அதாவது ஸ்பானிய மொழியில் 'என் உயிர்', என்று அவர் பெயரிட்ட அந்தச் சுரங்கம் அவரைச் சில ஆண்டுகளில் கோடீசுவரராக்கியது. தேய்ந்து கிழிந்த தம் பழைய பூட்ஸுகளுக்கு வெண்கலப் பூச்சுக் கொடுத்து அவர் பாதுகாத்துவைத்தார்.

அதன்பின் ஊரின் கதியே மாறிற்று. 1950இல் 1,274 பேர் வாழ்ந்த மோவாபிலே 1960இல் 4,682 பேர் இருந்தார்கள். தாதைச் சுத்திகரிக்கும் ஆலை நதிக்கரையிலே எழுந்தது. எங்கெங்கே யுரேனியம் இருக்கக்கூடும் என்று ஐயம் தோன்றிற்றோ அங்கெல்லாம் புல்டோசர்கள் சென்று பாறையைக் கீறி வழி செய்தன. வழியில்லாத இடத்தில் ஜீப் சென்று வழியாக்கிற்று. நான் இறங்கவிருந்த ஷேஃபர் பாதையும் அவ்வாறு விரிந்ததே. பூர்வகுடிகளின் காலடித் தடமாக இருந்ததை, ஷேஃபர் என்னும் குடும்பத்தார் தம் மாடுகளை மேட்டுநிலத்துக்கும் பள்ளத்துக்கும் இடையே ஓட்டிச் செல்வதற்காகத் திருத்தி அமைத்திருந்தார்கள். 1950களிலே தாது ஏற்றிய லாரிகள் ஏறிவரும்படி அது அகலமாக்கப்பட்டது. அதன் அடிவாரத்திலே, வெண்ணிறப் பாறைவிளிம்பை ஒட்டி 100 மைல் நீளத்துக்கு ஒரு பாதையும் போடப்பட்டது. இவ்வளவு பிரயத்தனமும் செய்து பார்த்ததில், அந்தப் பகுதியிலே கிடைத்த யுரேனியம் மிகச் சொற்பம்.

இந்தச் சரித்திரத்தின் இருண்ட பகுதியையும் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. காற்றோட்டம் இல்லாத சுரங்கங்களிலே நச்சுவாயுவைச் சுவாசித்து உழைத்தவர்கள், குறிப்பாக நவஹோ குலத்தைச் சேர்ந்த தொழிலாளிகள், பல ஆண்டுகளுக்குப் பின் நுரையீரல் புற்றுநோயால் மடிந்தார்கள். அவர்களுக்கும் அவர்களுடைய குடும்பத்தாருக்கும் இழப்பீடு தருவதற்கான சட்டம் 1990இல்தான் வந்தது. 1984இல் மூடப்பட்ட ஆலையின் கழிவு 1 கோடியே 60 லட்சம் டன் அளவுக்கு நதிக்கரையில் குவிந்து கிடந்தது. 2009இல்தான் அதை இரயில் வண்டிகளில் ஏற்றி, வடக்கேயுள்ள பாலைநிலத்தில் புதைக்கத் தொடங்கினார்கள்.

தாது தீர்ந்தாலும் பாதைகள் எஞ்சின. அவற்றின் மதிப்பை முதலில் உணர்ந்தவர்களில் ஒருவர், அருகிலுள்ள ஆர்ச்சஸ் பூங்காவின் கண்காணிப்பாளராக இருந்த பேட்ஸ் வில்சன். அவர் அதிகாரிகளையும் பிரமுகர்களையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு பள்ளத்தாக்குகளுக்குள் அழைத்துச் சென்று, இரவிலே நெருப்பு மூட்டி இரும்புச் சட்டியில் தாமே சமைத்துப் பரிமாறி, அவ்விடத்தைக் காப்பது அவசியம் என்று அவர்களுடைய மனத்திலே பதியவைத்தார். 1964இல் கான்யன்லாண்ட்ஸ் தேசியப் பூங்கா பிறந்தது. 1967இல் ஊர் வணிகர் சங்கத்தார் ஈஸ்டர் பண்டிகையை ஒட்டி ஜீப் ஊர்வலம் ஒன்றைத் தொடங்கினார்கள். சுரங்கத் தொழில் படுத்துப்போன 1980களிலே ஊருக்குச் சோறு போட்டவற்றில் அதுவும் ஒன்றாயிற்று. அவ்வூர்ப் பாறைக்கு 'வழுக்குப் பாறை' என்று பொருள்படும் பெயரை இட்டவர்கள், குதிரையின் இரும்பு லாடம் அதில் வழுக்கக் கண்ட பழைய மாட்டுக்காரர்கள்; ரப்பர் டயரோ உப்புத்தாளில் ஒட்டினாற்போல் அதே பாறையைப் பற்றிக்கொண்டு, நிமிர்ந்து பார்க்கவே அஞ்சும் சரிவிலும் ஏறுகிறது. பெயர் குதிரையின் காலத்தியது, அனுபவம் ஜீப்பின் காலத்தியது.

இனி என் வண்டியின் மற்றொரு வமிசத்தைச் சொல்லவேண்டும். பெட்ரோல் எஞ்சினையும் மின்மோட்டாரையும் ஒன்றாக இணைக்கும் ஹைப்ரிட் முறை நம் காலத்து நூதனம் என்றே நானும் நினைத்திருந்தேன். ஆனால் 1900ஆம் ஆண்டிலேயே, வியன்னாவின் லோனர் கம்பெனியில் பணிபுரிந்த ஃபெர்டினாண்ட் போர்ஷே என்ற இளைஞர், சக்கரத்தின் குடத்திலேயே மோட்டாரைப் பொருத்தி, அதற்கு வேண்டிய மின்சாரத்தைப் பெட்ரோல் எஞ்சினால் உற்பத்தி செய்யும் வண்டியைச் சிருஷ்டித்திருந்தார். நான்கு சக்கரங்களிலும் மோட்டார் கொண்ட பந்தய வண்டி ஒன்றையும் அக்காலத்திலேயே அவர் செய்தார். ஈயப் பாட்டரிகளின் பளுவும் பெட்ரோலின் மலிவும் அந்த யோசனையை நெடுங்காலம் உறங்கவைத்தன. 1997இல் ஜப்பானில் ப்ரியஸ் என்னும் ஹைப்ரிட் கார் வெளிவந்தபின் அது விழித்தெழுந்தது. 2021இல் அமெரிக்கச் சாலைகளுக்கு வந்த என்னுடைய வண்டியின் வகையிலே, 2 லிட்டர் எஞ்சினும் இரண்டு மோட்டார்களும், பின்னிருக்கையின் கீழே 17 கிலோவாட்-மணி கொள்ளளவுள்ள பாட்டரியும் இருக்கின்றன. எல்லாம் கூடி 375 குதிரைத்திறன். 1941இன் ஜீப்பைப்போல் ஆறு மடங்கு.

ஆனால் அந்த 375ஐ நான் ஒருநாளும் தேடவில்லை. எனக்குப் பயன்பட்டது வேறொன்று. பெட்ரோல் எஞ்சின் சுழன்று வேகம் பிடித்தபின்தான் பலம் தரும். ஆகவே பழைய ஜீப்பிலே பாறைமேல் ஏறுகிறவன் ஒரு காலால் எஞ்சினை உறுமவைத்து, மற்றொரு காலால் கிளட்ச்சை மயிரிழையாக விட்டுப் பிடித்து, ஒரு கணம் பிசகினாலும் எஞ்சின் அணைந்துபோய்ப் பின்னோக்கி உருளுவான். நண்பர் ஒருவருடைய பழைய ஜீப்பில் அந்த அவஸ்தையை நான் அனுபவித்திருக்கிறேன். மின்மோட்டாரோ அசையாமல் நிற்கும் நிலையிலேயே தன் முழுத் திருகுபலத்தையும் தரவல்லது. முன்னால் முழங்கால் உயரப் பாறை கிடக்கிறது. ஆக்ஸிலரேட்டர்மேல் கால்விரலைச் சற்றே சாய்க்கிறேன். தூங்கும் குழந்தையைத் தொட்டிலில் கிடத்தும் தாயின் கைபோல, வண்டி அவ்வளவு மிருதுவாகத் தன்னை உயர்த்திக் கடந்து அப்பால் இறக்கிவிடுகிறது. போர்க்கால ஜீப் 'லோ' கியரிலே தேடிய நிதானம், எண்பது ஆண்டுகளுக்குப் பின் மின்சாரத்திலே கைகூடியிருக்கிறது.

குறைகளையும் மறைக்காமல் சொல்கிறேன். வண்டியின் எடை இரண்டு டன்னுக்குமேல். 1,300 இராத்தல் கேட்ட அந்த இராணுவ அதிகாரிகள் கண்டால் மூர்ச்சை போட்டிருப்பார்கள். நிறைந்த பாட்டரியில் மின்சாரத்தால் மட்டும் செல்லக்கூடிய தூரம் ஏறத்தாழ 35 கிலோமீட்டர். அது டென்வரின் எல்லையைத் தாண்டுவதற்குள் தீர்ந்துவிடும். தீர்ந்தபின் லிட்டருக்கு 8.5 கிலோமீட்டர் என்பதே அரசாங்கக் கணக்கு. சிக்கனம் கருதி வாங்குகிறவர்கள் இதை மனத்திற்கொள்ளவேண்டும். எனவே முதல்நாள் இரவு மோவாபிலே மின்னேற்றி, காலையில் மலைமேல் செல்லும் 50 கிலோமீட்டர் சாலையைப் பாட்டரியைத் தொடாமல் பெட்ரோலாலேயே கடந்து, கருமி காசை முடிந்துவைப்பதுபோல் அந்த மின்சாரத்தை ஷேஃபர் பாதைக்கென்று காத்துக்கொண்டு சென்றேன்.

அந்தக் கருமித்தனம் வீண்போகவில்லை. பாதையின் தலைப்பிலே எஞ்சின் ஓய்ந்து மின்சாரத்தில் வண்டி இறங்கத் தொடங்கியதும், நான் எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது: செவி திறந்தது. டயரின் கீழே சரளைக்கல் நெரியும் ஓசை, பள்ளத்திலிருந்து மேலே வரும் காற்று, பாறைப் பொந்திலிருந்து படிப்படியாகத் தாழ்ந்து இறங்கும் ரென் குருவியின் பாட்டு ஆகியவை யாவும் திறந்த மேற்கூரை வழியே உள்ளே வந்தன. அந்தக் குருவியின் பாட்டும் என் பாதையும் ஒரே விதமாக இறங்கிக்கொண்டிருந்தன. மாடுகளை ஓட்டியவர்கள் இதைக் கேட்டிருப்பார்கள். தாது லாரி ஓட்டியவர்களுக்கு இது கேட்டிராது. மேலும், இறக்கத்திலே வண்டியைத் தடுத்துப் பிடிக்கும் வேலையை மோட்டாரே ஏற்று, தான் மின்உற்பத்தி யந்திரமாக மாறிப் பாட்டரியை நிரப்பிக்கொண்டிருந்தது. அடிவாரத்தை அடைந்தபோது, புறப்பட்டபொழுது இருந்ததைவிட அதிக மின்சாரம் இருப்பதாக முள் காட்டியது. சக்தியைத் தேடித் தோண்டியவர்கள் வெறுங்கையோடு திரும்பிய அதே பாதை, எனக்குக் கொஞ்சம் சக்தியைக் கொடுத்தது என்று எண்ணிச் சிரித்துக்கொண்டேன்.

கீழே வெண்ணிற விளிம்பை ஒட்டிச் சமதரை விரிந்து கிடந்தது. விளம்பரப் படத்திலே கண்ட அதே நிலம். பாதையை விட்டுத் திரும்பி, அந்த வெளியிலே சற்று ஓட்டிப் பார்த்தால் என்ன என்று மனம் உந்திற்று. இறங்கிப் பார்த்தேன். மண்ணின்மேல் கருத்த, மேடும் பள்ளமுமான மெல்லிய பொருக்கு ஒன்று படர்ந்திருந்தது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களும் பாசியும் காளானும் கூடி மணலைப் பிணைத்துக் காற்றில் பறக்காமல் காக்கும் உயிருள்ள தோல் அது. ஒருமுறை நசுங்கினால் மீண்டும் வளரப் பல பத்தாண்டுகள் ஆகும். அதன் குறுக்கே ஓரிடத்தில், எந்தக் காலத்தில் எவன் ஓட்டிச் சென்றானோ, இரண்டு டயர்ச் சுவடுகள் வெளிறிய கோடுகளாக ஓடின. புதுப் பொருக்கு இன்னும் அவற்றை மூடவில்லை. ஆஃப்-ரோடு வண்டியின் உரிமையாளனாகிய நான், வண்டியில் ஏறி, முன்னோர் போட்ட பாதையிலேயே அதைத் திருப்பினேன்.

ஏற்றத்திலே வரவு முழுவதும் செலவாயிற்று. பாதி வளைவுகளைக் கடந்ததும் பாட்டரி ஓய்ந்து, எஞ்சின் உறுமிக்கொண்டு விழித்தது. குருவியின் குரல் மறைந்தது. மேலேயிருந்து மூன்று ஜீப்புகள் வரிசையாக இறங்கி வந்தன. மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்கே முதல் உரிமை என்பது இங்கே விதி. ஆகையால் அவை பாறையை ஒட்டி ஒதுங்கி எனக்கு வழிவிட்டன. தனக்குப் பின்னால் எத்தனை வண்டிகள் வருகின்றன என்று எதிரே வருகிறவனுக்கு விரல்களால் அறிவிப்பது இந்தப் பாதைகளின் வழக்கம். முதலாவது ஓட்டியவர் இரண்டு விரல்களை உயர்த்தினார். அடுத்தவர் ஒரு விரல். கடைசியில் வந்தவர் மூடிய கையைக் காட்டினார். மாடுகளையும் லாரிகளையும் எண்ணிக்கொண்டே ஓட்டிவந்த நானும், எனக்குப் பின்னால் எவரும் இல்லை என்பதற்கு அடையாளமாக என் கையை மூடி உயர்த்திக் காட்டிவிட்டு, அடுத்த வளைவிலே ஏறினேன்.